பாலைவனப் போர் குரூப் பில்ட்: முதல் கிட் வாங்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குரூப் பில்ட் என்றால் ஒரே தலைப்பில் பலரும் ஆளுக்கொரு கிட்டை (துண்டுகளாக வரும் பிளாஸ்டிக் மாதிரி வண்டி) வாங்கி, கெடுவுக்குள் ஒட்டி வண்ணம் அடித்துப் படம் காட்டும் நிகழ்ச்சி. அதில் பெயர் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அதற்குப் பொருத்தமான கிட்டைக் கண்டுபிடித்து, நம் ஊருக்கு வரவழைத்து, கெடு முடிவதற்குள் வண்ணம் அடித்து நிறுத்துவதுதான் பாடு. பெருநகரத்துக்காரர்கள் கடையில் பெட்டியைப் புரட்டிப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நான் தேடிய வரை ஸ்கேல் மாடல் கிட்டுக்கென்று ஒரு கடை இல்லை. பொம்மைக் கடைகளில் இருப்பவை ஏற்கெனவே ஒட்டி முடித்த உலோக வண்டிகள். ஆகவே நாம் பொருளைப் பார்க்காமலே வாங்குகிறோம், பார்சலுக்குக் காத்திருக்கிறோம், அது வந்த பிறகு வருடத்துக்கு இரண்டு மழைக்காலத்தோடு மல்லுக்கட்டுகிறோம். இந்த மூன்றிலும் நான் பட்ட சிரமம் புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிப் படத்தைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தப் போர், எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த வண்டி என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

1. விதிமுறையை முழுதாகப் படித்துச் சேமித்து வையுங்கள்

'பாலைவனப் போர்' என்ற தலைப்பை ஒவ்வொரு ஏற்பாட்டாளரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அது 1940 முதல் 1943 மே வரையான வட ஆப்பிரிக்கா மட்டும். சிலர் 1991 வளைகுடாப் போரையும் சேர்ப்பார்கள். 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நடந்த சண்டையையும் ஏற்பவர்கள் உண்டு. நம் ஊரிலிருந்து கலந்துகொள்ளும்போது அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலையும் எடுத்து வையுங்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எந்த ஸ்கேல் (1/35 என்றால் உண்மையான வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), ஏற்கெனவே ஒட்ட ஆரம்பித்த கிட் செல்லுமா (25 சதவீதம் வரை முடிந்தது செல்லும் என்று பல இடங்களில் வைத்திருப்பார்கள்), வண்டி மட்டுமா அல்லது பீரங்கியும் செல்லுமா, தரை அமைப்பு கட்டாயமா. தொடக்க ஆதாரமாகப் பெட்டியையும் வெட்டாத ஸ்ப்ரூக்களையும் (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்) சேர்த்து ஒரு படம் கேட்பார்கள். ஆகவே பார்சல் வந்த உடனே ஆர்வத்தில் துண்டுகளை வெட்டும் நிப்பரை எடுத்துவிடாதீர்கள்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். கடைகளின் பட்டியலில் 'ஆப்பிரிக்கா' என்று தேடினால் எல்லாம் கலந்து வரும். அதில் எது எப்போது அங்கே இருந்தது என்பதைக் குறைந்தபட்சம் இந்த அளவுக்காவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940 டிசம்பர் என்றால் பிரிட்டிஷ் டாங்கியான மட்டில்டா. எகிப்தில் சிடி பர்ரானிக்குப் பக்கத்தில் நிபைவா முகாமை டிசம்பர் 9 அன்று காலையில் தாக்கியது 4வது இந்தியப் பிரிவின் 11வது படையணி. அவர்களுக்கு முன்னால் போனவை 7வது ராயல் டாங்கி ரெஜிமெண்டின் மட்டில்டாக்கள். எதிரில் இத்தாலியர்களின் எம்11/39 டாங்கிகள். இந்திய வீரர்களும் டாங்கியும் ஒரே காட்சியில் வர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. அந்தப் பிரிவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினரும் இருந்தார்கள்.

ஜெர்மானியர்கள் 1941 பிப்ரவரியில்தான் திரிபோலியில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய தேதி போட்டு ஜெர்மன் டாங்கியான பான்சரை வைத்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சுட்டிக்காட்டுவார். 1941 நவம்பரில் அமெரிக்க எம்3 ஸ்டூவர்ட் வந்தது. பிரிட்டிஷ் வீரர்கள் அதை 'ஹனி' என்று அழைத்தார்கள். 1942 மே மாதம், லிபியாவின் கசாலாச் சண்டையில் அமெரிக்க கிராண்ட் டாங்கி. 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைனில் அமெரிக்க ஷெர்மன். ஜெர்மன் டைகர் 1942 நவம்பர் கடைசியில் துனிசியாவுக்கு வந்தது; எகிப்திலோ லிபியாவிலோ அதற்கு முன் டைகர் கிடையாது. பிற்கால ஜெர்மன் டாங்கிகளான பாந்தரும் கிங் டைகரும் வட ஆப்பிரிக்காவை மிதிக்கவே இல்லை. ஆனால் இணையத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய பாந்தரைப் பார்த்துவிட்டுப் பாலைவனத்துக்கு ஏற்றது என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியின் பெயரோடு நிறுத்தாமல் வகையையும் பாருங்கள். எம்3 ஸ்டூவர்ட்டின் ஆரம்பகால டரெட் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூண்டு) தட்டையான தகடுகளை இணைத்துச் செய்தது. பிறகு வந்தது வளைந்த பக்கங்கள் கொண்டது. 1941 நவம்பர் என்றால் தட்டையான தகடு. பான்சர் 4 என்றால் பீரங்கிக்குக் குட்டைக் குழலா, நீண்ட குழலா என்று பாருங்கள். நீண்ட குழல் கொண்ட எஃப்2 வகை 1942-ல்தான் அங்கே வருகிறது. இன்னொன்று: மட்டில்டா, வாலன்டைன் இரண்டையும் பிரிட்டன் சோவியத்துக்கும் அனுப்பியது. அதனால் அதே டாங்கி சோவியத் அடையாளங்களோடு தனிப் பெட்டியாகவும் விற்பனைக்கு வருகிறது. டெக்கால் தாளின் (வண்டியின் அடையாளங்களை நனைத்து ஒட்டும் தாள்) படத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

1991 என்றால் அமெரிக்க எம்1ஏ1 ஆப்ராம்ஸ், பிரிட்டிஷ் சேலஞ்சர் 1, ஈராக்கின் டி-72, டி-55. இதில் எம்1ஏ2 என்று போட்ட பெட்டிகளையும் நகரச் சண்டைக்கான கூடுதல் கவசத்தோடு வரும் பெட்டிகளையும் ஒதுக்கிவிடுங்கள், அவை பிற்காலத்தவை. கூட்டணி வண்டிகளில் தலைகீழ் 'வி' குறி இருக்கும். அது டெக்காலில் வருகிறதா என்று பாருங்கள்.

லோங்கேவாலா என்றால் பாகிஸ்தான் பக்கம் டி-59, அதாவது சீனாவின் டைப் 59 டாங்கி. 1/35 ஸ்கேலில் ட்ரம்பீட்டர் நிறுவனத்தின் டைப் 59 கிட் அதற்குப் பொருந்தும். நம் பக்கம் ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற துப்பாக்கி. ஜீப் கிட் ஒன்று வாங்கி, துப்பாக்கியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இரண்டாவதுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

3. ஸ்கேல்: கையையும் கண்ணையும் மேசையையும் பார்த்து

1/35-ல் கிட்டும் அதிகம், உருவங்களும் அதிகம். 1/48 மேசையில் இடம் குறைவாக எடுக்கும். ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் 1/48 குரூசேடரும் (இதுவும் பிரிட்டிஷ் டாங்கி) மட்டில்டாவும் ஒட்டுவதற்குச் சுலபமானவை. 1/72-ம் 1/76-ம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய சிறு டாங்கிகள் 1/76. அவற்றோடு 1/72 உருவங்களை நிறுத்தினால் ஆள் பெரிதாகவும் டாங்கி சிறிதாகவும் தோன்றும்.

வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் 1/35 எடுங்கள். வேறு யோசனை வேண்டாம்.

4. பெட்டி புதிது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் எப்போதையது?

பாலைவன வண்டிக் கிட்களில் பல 1970-களின் மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு. அவை மோசம் என்று சொல்லவில்லை. டாமியாவின் 25 பவுண்டர் பீரங்கி, அதை இழுக்கும் குவாட், பிரிட்டிஷாரின் நெடுந்தூரப் பாலைவனக் குழுவின் செவ்ரோலே லாரி இவையெல்லாம் அந்தக் காலத்தவை. இன்றைக்கும் ஒட்ட மகிழ்ச்சி தருபவை. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அந்த மோல்டு முதலில் எந்த வருடம் வந்தது, எத்தனை பெட்டிகளில் மறுபடி மறுபடி அடைக்கப்பட்டது என்று கால வரிசையில் காட்டும். வாங்குவதற்கு முன் இதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பழைய டாங்கிக் கிட்டின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். நீள்சதுரமாக ஓர் ஓட்டை, பக்கத்தில் ஸ்விட்சுக்கு ஒரு கீறல், உள்ளே பேட்டரிக்கும் மோட்டாருக்குமான மேடுகள் இருக்கும். அந்தக் காலத்தில் டாங்கியை மோட்டார் வைத்து ஓட்டி விளையாடினார்கள். அந்த ஓட்டைகளை பிளாஸ்டிக் தகடு வைத்து அடைக்க வேண்டும். ட்ராக்கின் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப்பட்டை) மேலே இருக்கும் அடித்தட்டும் பல கிட்களில் இருக்காது. பக்கவாட்டில் பார்த்தால் வண்டிக்குள் வெளிச்சம் தெரியும். புதியவருக்கு இது ஒரு வார வேலை. 2000-க்குப் பிறகு வந்த மோல்டில் இந்தத் தொல்லை கிடையாது. டாமியாவின் மட்டில்டாவில் 2009-ல் வந்த புதிய மோல்டு உண்டு, அதற்கு முந்தைய பழைய மோல்டும் உண்டு. பெட்டி இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

அடுத்தது ட்ராக். வினைல் ட்ராக் ஒரே துண்டாக வரும், மாட்டுவது சுலபம். ஆனால் வினைலில் இருக்கும் எண்ணெய்ப் பதம் சில சமயம் கசிந்து பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பல வருடம் கடை அலமாரியில் கிடந்த பெட்டியைத் திறந்தால், ட்ராக் பட்ட இடத்தில் சக்கரம் இளகி, ட்ராக்கின் பல் அச்சு அப்படியே பதிந்திருப்பதைப் பார்க்கலாம். நம் ஊர் வெக்கைக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். கிட் வந்ததும் வினைல் ட்ராக்கைத் தனிக் கவரில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும் ட்ராக் அழகு. முதல் கிட்டுக்கு வேண்டாம். நீளத் துண்டும் சில தனிக் கண்ணிகளுமாகக் கலந்து வரும் வகை இருந்தால் அதையே எடுங்கள்.

போட்டோ எட்ச் எனப்படும் மெல்லிய உலோகத் தகடு நிறைய இருந்தால் விலையும் ஏறும், பொறுமையும் வேண்டும். டாமியாவின் ஜெர்மன் 222 கவச வண்டி ஒன்றில் மேல்மூடியின் வலை உலோகத்தில் வரும். அந்த அளவுக்கு இருந்தால் பரவாயில்லை.

5. வண்ணத்தை வாங்குவதற்கு முன்பே தீர்மானியுங்கள்

பாலைவனம் என்றால் மஞ்சள் டப்பா ஒன்று போதும் என்று நினைக்க வேண்டாம்.

பிரிட்டிஷ் டாங்கி, 1940-41: கான்டர் முறை. வெளிர் கல் நிறம், வெள்ளிச் சாம்பல், கருஞ்சாம்பல் என மூன்றும் நேர்க்கோடுகளாகச் சாய்ந்து போகும். பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒட்டுநாடா வைத்து மறைத்து மூன்று முறை அடிக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் 1942-க்கு வாருங்கள். ஒரே வெளிர் நிறத்தில் முடிக்கக்கூடிய வண்டிகள் நிறைய உண்டு.

ஜெர்மன்: 1941 பிப்ரவரியில் வந்த வண்டிகள் கருஞ்சாம்பல் நிறத்திலேயே இறங்கின. மார்ச் மாதத்திலிருந்து, ஜெர்மன் வண்ண எண்ணில் ஆர்ஏஎல் 8000 என்ற மஞ்சள் பழுப்பு. 1942-ல் ஆர்ஏஎல் 8020. எல்லாருக்கும் தெரிந்த 'டார்க் யெல்லோ' 1943 பிப்ரவரிக்குப் பிறகுதான் அடிப்படை நிறமானது. டாமியாவின் அக்ரிலிக் வண்ணத்தில் எக்ஸ்எஃப்-92, எக்ஸ்எஃப்-93 இரண்டும் ஜெர்மனியின் ஆப்பிரிக்கப் படைக்கென்றே வந்தவை; முன்னது 1941-க்கு, பின்னது 1942-க்கு. எக்ஸ்எஃப்-60 டார்க் யெல்லோவைக் கசாலா வண்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

சாம்பல் நிறத்தின் மேல் அவசரமாக மணல் நிறம் பூசி, ஓரங்களில் சாம்பல் தெரியும் வண்டி புதியவர்களுக்குக் கைகொடுக்கும். தூரிகையால் அடித்தாலும் இயல்பாகவே இருக்கும். வண்ணம் பீய்ச்சும் ஏர்பிரஷ் இல்லை என்ற கவலை இல்லை.

6. எங்கே வாங்குவது, எந்தக் காகிதம் வேண்டும்

மூன்று வழிகள் இருக்கின்றன.

*இந்தியக் கடைகள்.* சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற ஊர்களின் இணையக் கடைகள். வரித் தொல்லை உங்களுக்கு இல்லை. வண்ணமும் பசையும் இங்கேதான் வாங்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆர்டர் போடும் முன் உங்கள் பின்கோடுக்கு எந்தக் கொரியர் வரும் என்று கேளுங்கள். பேச்சிப்பாறை, கடையால் பக்கம் உள்ளவர்களைச் சில தனியார் கொரியர்கள் மார்த்தாண்டத்துக்கோ குலசேகரத்துக்கோ வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அஞ்சலில் அனுப்பச் சொன்னால் வீட்டுக்கே வரும். பெட்டியைத் திறக்கும்போது தொடக்கத்திலிருந்து வீடியோ எடுங்கள். ஒரு முறை ஒரு கடையிலிருந்து வந்த கிட்டில் டெக்கால் தாள் இல்லை. வீடியோ இருந்ததால்தான் பேச முடிந்தது.

*வெளிநாட்டுக் கடைகள்.* கிட் விலை குறைவாகத் தெரியும். சுங்க வரியைச் சேர்த்துப் பார்க்கும் வரை அந்த விலையை நம்பாதீர்கள். பொம்மைகளுக்கான தலைப்பிலேயே ஸ்கேல் மாடல்களும் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் போனது. வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவையும் சேர்த்துப் போடுவார்கள். 3,000 ரூபாய் கிட், 1,000 ரூபாய் அனுப்பும் செலவு என்றால் 4,000-க்கு வரி. 70 சதவீதம் விதித்தால் 2,800. இதோடு 6,800 ஆகிவிடும். இதன் மேல் ஜிஎஸ்டி, கொரியரின் கையாளும் கட்டணம். சொந்த உபயோகத்துக்கு வரும் தனிப் பார்சலுக்கு வேறு தலைப்பும் உண்டு, விகிதங்களும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். ஆகவே ஆர்டர் போடும் நாளில் சுங்கத் துறைத் தளத்தில் ஒரு முறை பாருங்கள். பரிசு என்று எழுதச் சொன்னால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 5,000 ரூபாய் வரை இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது.

பார்சல் சுங்கத்தில் நின்றால் கேட்பவை இவை: கடையின் பில், பணம் கட்டிய ஆதாரம், பொருளின் விலை தெரியும் பக்கம், ஆதார் அல்லது பான் நகல். நான்கையும் ஒரே பிடிஎஃப்-ஆக முன்கூட்டியே செய்து வையுங்கள். பில்லில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறினால்கூடத் திருப்பிக் கேட்பார்கள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருக்கிறது. பெட்டியில் '14+' என்று அச்சிட்டிருக்கும் பக்கத்தின் படத்தையும் அந்த பிடிஎஃப்-இல் சேர்த்துவிடுங்கள். கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

இன்னோர் எச்சரிக்கை. 'உங்கள் பார்சல் சுங்கத்தில் பிடிபட்டிருக்கிறது, உடனே இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்' என்று வரும் அழைப்புகள் மோசடி. உண்மையிலேயே பார்சலுக்குக் காத்திருக்கும்போது இந்த அழைப்பு வந்தால் பதறிப்போய் அனுப்பிவிடத் தோன்றும். போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் டிராக்கிங் எண்ணை நீங்களே அந்தந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

*வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள்.* நம் மாவட்டத்தில் துபாயிலோ குவைத்திலோ ஒரு அத்தானோ மாமாவோ இல்லாத வீடு குறைவு. திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக அவர்கள் வரும்போது ஒரு கிட் கொண்டுவரச் சொல்லலாம். பயணிகளின் சொந்தச் சாமானுக்கு வரியில்லா வரம்பு உண்டு; அதற்குள் கிட்டும் அடங்கும். பில்லைச் சாமானோடு வைக்கச் சொல்லுங்கள். 1/35 டாங்கிப் பெட்டி சூட்கேசில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஸ்ப்ரூக்களைத் துணிகளுக்கு இடையே தட்டையாக வைத்து, அட்டைப் பெட்டியை மடக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடப் போகிறார்கள். தொடக்கப் படத்துக்கு அது வேண்டும்.

வண்ணம், தின்னர், பசை எதையும் அவர்களிடம் கேட்காதீர்கள். எளிதில் தீப்பற்றும் திரவம் விமானத்தில் செல்லாது. டாமியா அக்ரிலிக்கில்கூட ஆல்கஹால் இருக்கிறது. வெளிநாட்டுக் கடையில் கிட்டோடு வண்ணத்தையும் சேர்த்து ஆர்டர் போட்டு, அதனாலேயே மொத்தப் பார்சலும் நின்றுபோகும் சம்பவங்கள் நடக்கின்றன. உறவினரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

7. பணம்

இந்தியக் கடைகளில் ஏர்ஃபிக்ஸின் சிறு கிட் ஆயிரம் ரூபாயை ஒட்டியும், டாமியாவின் 1/35 டாங்கி ஏறத்தாழ 2,500-லிருந்து 5,000 வரையும் இருக்கும். முதல் முறை என்றால் கிட் விலைக்குச் சமமான தொகையைக் கருவிக்கும் வண்ணத்துக்கும் எடுத்து வையுங்கள். மொத்தம் 5,000 கையில் இருந்தால் 2,500-க்குள் கிட். முழுப் பணத்தையும் கிட்டில் போட்டுவிட்டால் பசை வாங்கக் காசிருக்காது. கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

சில பொருள்களை வெளியூரிலிருந்து வரவழைக்கவே தேவையில்லை. சர்ஜிக்கல் கடையில் 11-ம் நம்பர் பிளேடும் 3-ம் நம்பர் கைப்பிடியும் கிடைக்கும். ஹாபி கத்தியைவிடக் கூர்மை, விலையும் குறைவு. ஹார்டுவேர் கடையில் 400, 800, 1000 நம்பர் வாட்டர் பேப்பர். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச், பஞ்சு முனைக் குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஃபேன்ஸி ஸ்டோரில் நக அலங்காரத் தூரிகை. ஆனால் கார் பெயிண்ட் கடையில் என்சி தின்னர் வாங்கி கிட்டில் தடவிவிடாதீர்கள், பிளாஸ்டிக் இளகிவிடும். பிளாஸ்டிக் சிமெண்ட்டை மட்டும் மாடல் கடையில்தான் வாங்க வேண்டும். ஃபெவிக்விக் உலோகத் துண்டுக்கு நல்லது. பிளாஸ்டிக் மூட்டை அது உருக்கி இணைக்காது.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வண்ணம் படக்கூடாத இடத்தை மறைக்கக் கடையில் விற்கும் திரவ மாஸ்க் என்பது அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். நம்மிடம் அது தோட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அம்மோனியா அக்ரிலிக் வண்ணத்தைக் கரைக்கும். முதலில் வெட்டிப்போட்ட ஸ்ப்ரூவில் வண்ணம் அடித்து அதன் மேல் சோதித்துப் பாருங்கள்; காய்ந்ததும் உரித்துவிடுங்கள், ராத்திரி முழுக்க விடாதீர்கள்.

8. நாள்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

குரூப் பில்ட் நான்கு முதல் ஆறு மாதம் ஓடும். அதில் நமக்கு வண்ணம் அடிக்கத் தோதான வாரங்கள் எவை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. நம் மாவட்டம் இரண்டையும் நன்றாகவே வாங்கும். ஈரக் காற்றில் லாக்கர் கிளியர் (கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடித்தால், கண் முன்னாலேயே பால் ஊற்றியது போல் வெளுத்துப் புகை படிந்துவிடும். கருஞ்சாம்பல் பான்சரின் மேல் அது நடந்தால் மறைக்க வழியில்லை. அந்த மாதங்களில் வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் கோட் கட்டாயம் என்றால் மழை விட்டு வெயில் ஏறிய நண்பகலில், மெல்லிய பூச்சாக. ஜனவரி முதல் மார்ச் வரைதான் வண்ணத்துக்கு நல்ல காலம்.

டெக்காலையும் ஈரம் கெடுக்கும். தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போடுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காற்றுதான் எதிரி. கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாள்களில் ஜன்னலைச் சாத்தினாலும் ஈர வண்ணத்தில் தூசி உட்கார்ந்துவிடும். வண்ணம் அடித்த கையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்; அடியில் தீக்குச்சி வைத்து ஒரு இடுக்கு விட்டால் போதும்.

பார்சலுக்கு இந்தியாவுக்குள் பத்து நாள், வெளிநாட்டிலிருந்து என்றால் சுங்கத்தோடு சேர்த்து இரண்டு மாதம் என்று கணக்குப் போடுங்கள். சீக்கிரம் வந்தால் லாபம். கெடு முடிய மூன்று மாதம்கூட இல்லை என்றால் வெளிநாட்டு ஆர்டர் வேண்டாம்.

9. இன்றைக்கே வாங்கப் போகிறீர்கள் என்றால்

முதல் கிட்டுக்கு நான் சொல்வது டாமியாவின் 1/35 மட்டில்டா, 2009 மோல்டு. பெரும்பாலான சக்கரங்களைப் பக்கக் கவசம் மறைத்துவிடுவதால் ட்ராக் வேலை குறைவு. பணம் குறைவு என்றால் 1/48 குரூசேடர். டாங்கியே வேண்டாம் என்பவர்களுக்கு 25 பவுண்டர் பீரங்கி. 4வது இந்தியப் பிரிவின் பின்னணியில் வைக்க முழுப் பொருத்தம். ஜெர்மன்தான் வேண்டும் என்றால் 222 கவச வண்டி அல்லது கூபல்வாகன் என்ற சிறு ராணுவக் கார். சக்கர வண்டியில் ட்ராக் தலைவலியே கிடையாது.

மேலே ஏற்றும் சாமான்களிலும் காலம் பாருங்கள். 1941 பிரிட்டிஷ் வண்டியில் தண்ணீரும் பெட்ரோலும் நாலு கேலன் தகர டின்களில்தான் போயின. ஜெர்மன் ஜெர்ரி கேன்களில் வெள்ளைச் சிலுவை போட்டது தண்ணீருக்கு.

10. தரைக்கு நம் ஊர் மணல்?

கன்னியாகுமரியில் பொட்டலம் போட்டு விற்கும் வண்ண மணலைப் பார்த்ததும் கை போகும். கணக்குப் பாருங்கள்: 1/35-ல் ஒரு மில்லிமீட்டர் மணல் மூன்றரை சென்டிமீட்டர் கல். 1/72-ல் ஏழு சென்டிமீட்டருக்கும் மேல். தேயிலை வடிகட்டியில் இரண்டு முறை சலித்து, அடியில் விழும் தூளை மட்டும் எடுங்கள். கடல் மணல் என்றால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பை எடுத்து, சட்டியில் வறுத்துக் காயவைக்க வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைத் தொடாதீர்கள். அதில் தோரியம் உள்ள மோனசைட் இருக்கிறது. அள்ளுவதற்கும் கட்டுப்பாடு உண்டு.

நிறத்திலும் கவனம் வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பு எல் அலமைனுக்குப் பொருந்தாது. எகிப்து-லிபியாக் கடலோரப் போர்க்களம் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் நிலம்: வெளிறிய, கெட்டியான, பொடிக்கற்கள் சிதறிய தரை. அலை அலையான மணல் மேடுகள் உள்ளே வெகு தொலைவில். ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்து மெல்லிய மணலை ஒட்டி, மேலே வெளிர் பழுப்பு அடித்து, பொடித்த சாக்பீஸைத் தூரிகையால் தேய்த்தால் அந்த வெளிறல் வந்துவிடும். அதே பொடியைச் சக்கரங்களிலும் கீழ்த்தட்டுகளிலும் தேய்த்துவிடுங்கள். வண்டியும் தரையும் ஒரே இடத்தவை என்று தெரியும்.

முடித்த படங்களைக் காலை ஒன்பது மணிக்கு முன் மொட்டை மாடியில் எடுங்கள். அதற்குப் பிறகு வெயில் நிறத்தை வெளுக்கக் காட்டும். ஏற்பாட்டாளர் இங்கிலாந்தில் இருந்தால் கெடுவின் நள்ளிரவு அவர்கள் நேரப்படி. நமக்கு அது மறுநாள் காலை ஐந்தரை. அங்கே கோடைக் காலமாக இருந்தால் நாலரை.